முழங்கால் தாளம்

சட்டை கழலவில்லை. அப்பாவின் வலது கை முழங்கையில் மடங்கியபடியே விறைத்துப்போயிருந்தது. "கத்திரிய எடு மாரி, வெட்டித்தான் எடுக்கணும்" என்று இசக்கிசெல்வி அத்தை பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

மாரிசெல்வி அலமாரியின் மேலிருந்து பெரிய கத்திரியை எடுத்துக் கொடுத்தாள். தாராவியில் நாற்பத்திரண்டு வருஷம் தோல்பைக்குத் தோல் வெட்டிய சுடலைக்கண்ணனின் வீட்டில் கத்திரிக்குப் பஞ்சமில்லை. அவருடைய கத்திரியே அவருடைய சட்டைக் கைக்குள் நுழைந்து தோள்வரை போயிற்று. வெள்ளையில் நீலக்கோடு போட்ட புதுச் சட்டை. காலை எட்டரை மணிக்கு மாரிசெல்விதான் பொத்தான் போட்டுவிட்டாள். கடையில் மடித்த மடிப்பு இன்னும் நெஞ்சின் குறுக்கே கோடாக நின்றது.

"நெஞ்சுவலிக்காரனுக்குப் புதுச் சட்ட போட்டுக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா, மகராசி" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரில படுக்கப் போற மனுசனுக்கு ஞாயித்துக்கிழமை என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு? எங்க அண்ணனுக்குத்தான் புத்தியில்ல. படிச்ச பிள்ளைக்குமா இல்ல?"

மாரிசெல்விக்குச் செம்பூரில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, வயது முப்பத்தாறு. அத்தை சொல்கிற எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசித்தான் பழக்கம். இன்று கத்திரியை வாங்கி அலமாரியின் மேல் வைத்தாள்.

அத்தை சட்டையை உருவியபோது பையிலிருந்து இரண்டு அட்டைகள் கீழே விழுந்தன. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பூமாரி அவற்றை எடுத்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. புருஷனின் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிடுவதும், அது மறுபடி விழுவதும், மறுபடி ஒதுக்குவதுமாக இருந்தாள்.

"இது எந்த எடம்?" என்றாள், இங்கிலீஷ் எழுத்தைத் தடவிப் பார்த்து.

"மூணாவது வரிசைம்மா. ஆபீஸ் மேனேஜரு குடுத்த பாஸ்."

"வாசப் பக்கமா?"

"இல்ல. நட்டநடுவுல."

பூமாரி அட்டைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்துக்குப் பாட்டு வந்த கதை சின்னது. ஊரிலிருந்து வந்த புதிதில் சுடலைக்கண்ணன் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியது மாட்டுங்காவில் ஒரு கோயில் மண்டப வாசலில். உள்ளே கச்சேரி. மழை விட்ட பிறகும் அவர் நகரவில்லை. அவ்வளவுதான். அதன்பிறகு இலவசக் கச்சேரி எங்கே நடந்தாலும் போனார். கல்யாணமானபின் பூமாரியோடு போனார். பிள்ளைகள் பிறந்தபின் மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நவராத்திரி ஒன்பது நாளும் சாயங்காலம் வேலையை முன்னதாக முடித்துவிட்டு, முகம் கழுவி, திருநீறு பூசி, நாலு பேருமாக மாட்டுங்காவுக்கு நடப்பார்கள். கடைசி வரிசை, வாசலையொட்டி, செருப்புக் குவியலுக்குப் பக்கத்து நாற்காலிகள். உள்ளே போய் உட்காரலாமே என்று யாராவது சொன்னால், "இங்கன காத்து வருது" என்பார். ராகத்தின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. முதலில் கேட்டதை ‘மழை' என்பார். இன்னொன்றுக்கு ‘இட்லிக்கடை'. மற்றொன்று ‘அழுமூஞ்சி'. மாரிசெல்வி பெரியவளாகி நிஜப் பெயர்களைத் தெரிந்துகொண்டு வந்து சொன்னபோது, "அது அவங்க வச்ச பேரு. நான் வச்சது நான் வச்சதுதான்" என்றுவிட்டார்.

வீட்டிலும் பாட்டுத்தான். ஆனால் சத்தமாக வைக்க முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. அடுத்த வீட்டுக்கும் இதற்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஆபிதாவின் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். அதனால் டேப்ரெக்கார்டரின் மேல் துண்டைப் போர்த்தி, நாலு பேரும் அதைச் சுற்றி முட்டிக்கு முட்டி ஒட்டி உட்கார்வார்கள். கையைத் தட்டித் தாளம் போட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று, சுடலைக்கண்ணன் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் முழங்காலில் போடுவார். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு. பிள்ளைகள் எண்ணக் கற்றது அந்த முழங்காலில்தான். பின்னால் கச்சேரிக்குப் போனாலும் கை தானாகப் பக்கத்து முழங்காலுக்கு வந்துவிடும்.

அதில் ஒரு விளையாட்டும் உண்டு. கச்சேரியில் பாடுகிறவர் நிறுத்திக்கொண்டு மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் வழிவிடுவார் அல்லவா, அந்தத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சுடலைக்கண்ணன் தாளத்தை நிறுத்திவிட்டுக் கையைப் பிள்ளையின் முழங்காலில் அசையாமல் வைத்துவிடுவார். இனி கணக்கு உன்னுடையது என்று அர்த்தம். மிருதங்கக்காரர் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் பிள்ளை தன் தொடையில் விடாமல் எண்ணவேண்டும். அவர் மனசுக்குள் எண்ணுவார். தனி முடிந்து பாட்டுத் திரும்ப எடுக்கிற அந்த இடத்தில் இரண்டு கையும் ஒன்றாக விழவேண்டும். இடையிடையே கணக்கைக் குலைக்க முழங்காலைக் கிள்ளுவார், அழுத்துவார். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அவுட். தோற்றவர் மறுநாள் விடியற்காலை தண்ணீர் பிடிக்கவேண்டும். மகன் பூலோகம் பத்தில் எட்டு முறை தோற்பான். மாரிசெல்வி அப்படியில்லை. பூமாரி இந்த விளையாட்டில் சேரவே மாட்டாள்.

கீழே சந்தில் சாமியானா கட்டும் சத்தம் கேட்டது. பூலோகம் மாடியேறி வந்தான். சான்பாடாவில் குடித்தனம், கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். தகவல் கேட்டதும் போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு ரயிலேறியிருந்தான். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"மாரி, இங்க வா" என்று நடைவழிக்குக் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது. "கொண்டு வரும்போதே உயிரில்லைன்னு எழுதியிருக்கான். வலி வந்ததுலருந்து நீ பாக்க எத்தன நிமிசம் ஆச்சு?"

"அஞ்சு நிமிசம்."

"டாக்டர்ட்டயும் அதான் சொன்னியா?"

"ம்."

"ஹால்ல ஒருத்தனும் ஒண்ணும் செய்யலியா?"

"செஞ்சாங்க. நெஞ்சுல அமுக்கிப் பாத்தாங்க. முன் வரிசையில ஒரு டாக்டர் இருந்தாரு."

பூலோகம் அவளையே பார்த்தான். "டாக்டரா? கையெட்டுற தூரத்துலயா? அஞ்சு நிமிசத்துல டாக்டர் கை வச்சுமாட்டி பொழைக்கல?"

அவள் நடைவழிச் சுவரில் நீர்க்கசிவு வரைந்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா, வியாழக்கிழமை வரைக்கும் வீட்டவிட்டு இறக்காதன்னு. ஆஸ்பத்திரில எல்லாம் செட் பண்ணி வச்சிருந்தேன். நாலே நாலு நாளுட்டி." ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்தான். "சரி, விடு. அவருக்கு டைம் வந்துட்டு. நீ என்ன செய்வ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இது தாங்க முடியவில்லை.

ஐந்து நிமிஷம் இல்லை. அவளுக்குத்தான் தெரியும். எண்ணியவள் அவள்தானே.

காலையில் ஹாலுக்குள் நுழைந்ததும் அப்பா தயங்கினார். "வாசப் பக்கமா ஒரு எடம் பாரேன் மாரி. நடுவுல மாட்டிக்கிட்டா எந்திரிக்க முடியாது. பத்துப் பேரு கால மிதிக்கணும்."

"நீங்க எதுக்குப்பா எந்திரிக்கணும்? இத்தன வருசம் செருப்புக்குக் காவலிருந்தது போதும். வாங்க."

வழிநெடுக ‘சாரி, சாரி' என்று கைகூப்பிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. "மிருதங்கக்காரன் மோதிரம்கூடத் தெரியுதுட்டி" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். மூன்றாவது பாட்டுக்கு ஆலாபனை தொடங்கியதும் அவள் பக்கம் சாய்ந்து, "மழை வந்துட்டு" என்றார். அவர் பேசியதில் அதுதான் கடைசி.

பாட்டு வளர்ந்து தனி வந்தது. முழங்காலில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்று, உள்ளங்கை படிந்தது. மாரிசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து தெரிந்த கனம் அது. மிருதங்கம் ஒரு சுற்று, கடம் ஒரு சுற்று. கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் நாலும் முழங்காலுக்கு மேலே சதையில் பாய்ந்து அழுத்தின. வலித்தது. "கள்ளாட்டம் ஆடாதீங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் அவுட். அவள் திரும்பவில்லை. விரல்கள் தளர்ந்தன. கை இன்னும் கனத்தது. தோளும் அவள் தோளில் வந்து சாய்ந்தது. பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடி, தாடையை நெஞ்சில் புதைத்துக்கொள்கிற மனுஷர்தான். அவள் எண்ணினாள். ஒரு தட்டுக்கூட விடவில்லை. மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கொடுத்து, சேர்ந்து வாசித்து, மூன்று முறை முத்தாய்ப்பு வைத்து, பாட்டு எடுத்த இடத்தில் அவள் கை அச்சாக விழுந்தது. ஹாலே கைதட்டியது.

முழங்காலில் இருந்த கை எழவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் அவர் காதோரம் குனிந்து, "யப்பா, நாளைக்குத் தண்ணி ஒங்க பாடுதான்" என்றாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஹால்காரர்களுக்கும் தெரியும். அழுத்திய விரலிலிருந்து கைதட்டல் வரைக்கும் எத்தனை சுற்று என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சுற்றுகளை நிமிஷமாக்கினால் பன்னிரண்டு வந்தது. ஆம்புலன்ஸில் ஒருமுறை, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒருமுறை, இந்த நடைவழியில் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டாள். மூன்று முறையும் பன்னிரண்டுதான்.

நாலரை மணிக்குக் கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். "கொட்டு இல்லாம எங்க அண்ணன அனுப்ப மாட்டேன். பாட்டுன்னா உசுர விட்ட மனுசன்" என்று அத்தை சொல்லிவிட்டு, சொன்னது எப்படி விழுந்தது என்று தெரிந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்குப் பூலோகம் ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போனான். மேலே நாலு பேர் வெள்ளைத் துணி பிடிக்க, முன்னால் கொட்டு. குழாயில் அந்நேரம் தண்ணீர் கிடையாது. ஆபிதா தன் டிரம்மிலிருந்து இரண்டு வாளி கொடுத்தாள். அதைக் குழாயடியில் வைத்து, குழாயில் பிடித்ததாகப் பாவித்து மொண்டு வந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். முகத்தில் நீர் வழிந்தபோது மீசை படிந்து அவர் யாரோ மாதிரி இருந்தார்.

ஆபிதா பூமாரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துக்காரி. முப்பது வருஷமாகப் பலகைக்கு அந்தப் பக்கம். பழைய ‘சால்' வரிசை வீடுகள் இடிபட்டு இந்தக் கட்டடம் வந்தபோதும் அடுத்தடுத்த வீடாகவே கேட்டு வாங்கிக்கொண்டவர்கள்.

"பூமாரியக்கா, ஒண்ணு சொல்லவா? எங்க வீட்டுக்காரவுக தூங்கணும்னுதான நீங்க துண்டு போட்டு மூடுவீக. அவுக அந்தப் பக்கம் பலகையில காத ஒட்ட வச்சுக்கிட்டுக் கெடப்பாவ. ‘இந்த மனுசன் ஏன் இம்புட்டு மெதுவா வைக்காரு, துண்ட எடுக்கச் சொல்லேன்'பாவ. நான்தான் எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

பூமாரியின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. "சொல்லியிருக்கலாம் ஆபிதா. அவிய சந்தோசப்பட்டிருப்பாவ" என்றாள். பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாக அழுதாள். நெடுநேரம் அழவில்லை. ஆபிதாவின் தோளில் முகத்தை வைத்து, துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தூக்கும்போது இருட்டவில்லை. பெண்கள் சந்துமுனை வரைக்கும்தான். கொட்டு முன்னே போயிற்று. முதலில் தெளிவாகக் கேட்டது, பிறகு தொண்ணூறடி ரோட்டு ஆரன்களுக்கு நடுவில் விட்டுவிட்டுக் கேட்டது. மாரிசெல்வி தன் வலது கை தொடையில் எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டாள். இடது கையால் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள். பாடை திரும்பும்போது அப்பாவின் தலை மாலைகளுக்கு நடுவே ஒருபக்கம் சாய்ந்து ஆடியது. ஹாலில் அவள் தோளில் சாய்ந்த அதே பக்கம்.

வீடு கழுவியாயிற்று. அத்தை குளித்துவிட்டு, சோறு ஆக்கித்தர ஒத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டு மூலையில் முட்டியளவு கட்டைச்சுவர் எடுத்த, குளிக்கிற இடமான மோரியில் மாரிசெல்வி பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு குத்தவைத்திருந்தாள். அம்மா தலையில் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாவது சொம்பு ஊற்றப் போன கை நின்றது.

முழங்காலுக்கு மேலே, வரிசையாக நாலு நீலப் புள்ளிகள்.

பூமாரி சொம்பை வைத்துவிட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் சின்னது. புள்ளிகள் வெளியே தெரிந்தன.

"தனியிலயா?" என்றாள்.

மாரிசெல்வியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, கேக்கேம்லா. தனி நடக்கும்போதா?"

"ம்."

"நீ எண்ணிக்கிட்டு இருந்தியா?"

"வெளையாடுதாருன்னு நெனைச்சேம்மா." முழங்காலைக் கையால் மூடிக்கொண்டாள். "அமுக்குனாரு. எப்பவும் அமுக்குவார்லா. திரும்பக் கூடாதுன்னு… திரும்பல. பன்னெண்டு நிமிசம்மா. அண்ணன்ட்ட அஞ்சுன்னு சொல்லிட்டேன். முன்னாலயே டாக்டரு இருந்தாரு. திரும்பிப் பாத்திருந்தா…"

பூமாரி கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். சேலையின் அடி நனைந்தது. வெளியே யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

"எனக்குத் தாளம்லாம் வராது மாரி" என்றாள் கடைசியில். "எட்டு எப்ப முடியும், எங்க எடுப்பாவன்னு ஒரு எழவும் புரியாது. நான் அவிய மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அவிய மொகத்துல எல்லாம் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வந்திருந்தால் என்று சொல்லவில்லை. இரண்டு பாஸ்தான் இருந்தது, நீ போயிட்டு வா என்று அவளேதான் அனுப்பினாள் என்பதையும் சொல்லவில்லை. இடுப்பில் செருகியிருந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். அவை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. விளக்குமாடத்தில் காயவைத்தாள்.

"யாரு செயிச்சா?" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

"நான்தாம்மா."

பூமாரி திரும்பிவந்து சொம்பை எடுத்தாள். மிச்சத் தண்ணீரை மகளின் தலையில் ஊற்றினாள். அந்த முழங்காலில் மட்டும் தண்ணீர் வேகமாக விழாதபடி கையை இடையில் கொடுத்து ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் பூலோகம் சாம்பல் அள்ளக் கிளம்பிப் போனான். அத்தை சுவரோரம் சுருண்டு கிடந்தாள். ஆறு மணிக்கு நடைவழிக் குழாய் இருமியது. காற்று சீறியது. பிறகு தண்ணீர் வந்தது.

"அக்கா, நான் பிடிச்சு வைக்கேன், படுங்க" என்று ஆபிதா வாசலில் நின்று சொன்னாள்.

"வேண்டாம்" என்று மாரிசெல்வி எழுந்தாள்.

நீல டிரம்மை உருட்டிவந்து குழாயடியில் நிமிர்த்தினாள். வெற்று டிரம்மில் தண்ணீர் விழுந்த சத்தம் நடைவழி முழுக்கக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது தணிந்தது. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை குழாயில் இருந்தது. விரல் அசையவில்லை.

பூமாரி போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வாளியைக் கவிழ்த்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. டிரம் நிரம்பும் வரைக்கும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.